அத்தை பிடித்த சுருதி

உலக இசையின் வரலாறு இந்தக் கார் ஷெட்டில் இன்று மதியம் திசை திரும்பப்போகிறது என்று கிட்டாரிஸ்ட் அறிவித்து அரை மணி நேரமாகிறது. அவனுக்கு இன்னும் சுருதி சேரவில்லை. இவர்கள் குழுவின் முதல் கச்சேரி நாளை. தகரக் கூரையின் ஓட்டை வழியே வரும் வெயில் டிரம்மரின் அத்தை மடியில் வட்டமாகக் கிடக்கிறது. செங்கல் சூளையில் கல் சுமந்தபடி பாடிய பாட்டை அவள் கண்மூடி எடுக்கிறாள். குரல் ஏற ஏற, டிரம்மின் அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிகள் யாரும் தொடாமலே கிணுகிணுக்கின்றன. ஒருவழியாகத் தந்தியை முறுக்கி அவள் குரலோடு சேர்ந்துவிட்ட கிட்டாரிஸ்டுக்குக் கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கிறது. “மண்ணோட சுருதிடா இது!” என்கிறான். சட்டென்று அத்தை நிறுத்துகிறாள். “என்னாச்சு அத்தை?” “அந்த மூலையில பிரிட்ஜ் உறுமறது நின்னுபோச்சேப்பா. சூளையில தண்ணி மோட்டாரு, இங்க இது. ஏதாவது ஒரு சத்தத்தைப் பிடிச்சாத்தானே பாட்டு வரும்?” “கிட்டார் இருக்கே!” “அது ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதேப்பா.” டிரம்மர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கதவைத் திறந்து பிடிடா, சூடேறினா தானா ஓடும்” என்கிறான். கிட்டாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு, மூலையிலிருக்கும் பழைய பிரிட்ஜின் கதவைக் கிட்டாரிஸ்ட் பயபக்தியோடு திறந்து பிடிக்கிறான். உறுமல் தொடங்குகிறது. அத்தையின் குரல் அதன் மேல் ஏறி நிற்க, கம்பிகள் மறுபடி கிணுகிணுக்கின்றன. நாளை பிரிட்ஜையும் மேடைக்கு ஏற்றிப்போகிறார்கள். கதவு பிடிக்கும் வேலை அவனுக்குத்தான்.