விசாலத்தின் தொண்டை

கேசட்டில் இருந்த பாட்டு செல்போனுக்குள் ஏறிவிட்டது என்று மகன் ஷ்யாம் சொன்னதும் விசாலம் கொண்டுவந்த காபித் தட்டை அவசரமாகக் கீழே வைத்தாள்.

புனேயில், ஔந்த் ஃபிளாட்டின் ஹாலில் மராத்தி சம்பந்திகள் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் தேஜஸ்வினி ஸ்பீக்கரை டீப்பாயின் நடுவில் வைத்தாள். கேம்ப் பகுதிக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த கேசட்டும் பக்கத்திலேயே கிடந்தது.

கணவர் கிருஷ்ணஸ்வாமி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இங்கே கிர்க்கியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாயவரம் போய்ப் பெண் பார்க்க அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெண் வீட்டார் பாட்டை கேசட்டில் பதிந்து தபாலில் அனுப்பினார்கள். அதைக் கேட்டுத்தான் சரி என்றேன் என்று இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பாடியது விசாலம் இல்லை. அடுத்த வீட்டு அபயாம்பாள்.

விசாலம் தாலாட்டினால் தூங்குகிற குழந்தையும் எழுந்துவிடும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாட்டு முடிந்ததும் விசாலத்தின் அம்மா மெஷினை நிறுத்த மறந்துவிட்டாள்.

"போறும் அபயம். மாப்பிள்ளையாத்துல எங்க விசாலம் பாடினதாவே நெனச்சுக்கட்டும்."

அதுவும் பதிவாகிவிட்டது. இது தெரியாத அப்பா, யாரும் கைதவறி அழித்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் பல்லை வேறு உடைத்து தபாலில் சேர்த்துவிட்டார். அம்மாவுக்கு ஞாபகம் வந்தபோது கேசட் ரயிலேறியிருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் பாட்டு முடிந்த கையோடு நிறுத்தியிருப்பார்கள் என்று விசாலம் தன்னைத் தேற்றிக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததும் அதைத் தேடினாள். அவருடைய பீரோ லாக்கரில் பூட்டிக் கிடந்தது.

அப்புறம் டேப்ரிகார்டர் படுத்தது. சிடி வந்தது, பென்டிரைவ் வந்தது, பாட்டெல்லாம் போனுக்குள் போயிற்று. கேசட் காலம் போல வருமா என்று மற்றவர்கள் உருகியபோது, விசாலம் மட்டும் ஒவ்வொரு புதுச் சாதனத்துக்கும் மனசுக்குள் ஒரு தேங்காய் உடைத்தாள். பழைய கேசட்டை போனில் ஏற்றித் தருகிற புண்ணியவான் கேம்பில் ஒருவர் இருப்பார் என்று யார் கண்டது?

அபயாம்பாள் பாட ஆரம்பித்தாள். சம்பந்தியம்மாள் கண்ணை மூடித் தலையாட்டினார். தமிழ் தெரியாத அவர்களுக்கு ஷ்யாம் வரிக்கு வரி மராத்தியில் அர்த்தம் சொன்னான். டேப்பில் அவன் பாட்டி சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொல்வான், அவனுக்கு அந்தச் சமர்த்து உண்டு.

காபி ஆறுகிறது என்று விசாலம் சொல்லிப் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

இன்னும் ஒரு சரணம்தான். அதற்கப்புறம் இவர் முகத்தில் எப்படி விழிப்பது?

பாட்டு முடிந்தது. கரகரவென்று இரைச்சல். பிறகு டக்கென்று ஒரு சத்தம்.

"ஹலோ, ஹலோ. ஒன், டூ, த்ரீ."

கிருஷ்ணஸ்வாமியின் இளவயதுக் குரல். அதன் பின்னால் குக்கர் விசில், ரேடியோவில் மராத்திச் செய்தி. டேப் தீரும்வரை அதுவேதான்.

ஹாலே சிரித்தது. அம்மா பாட்டின் மேலா பதிந்தாய் என்று ஷ்யாம் அப்பாவைக் கேலி செய்தான்.

"புது டேப்ரிகார்டர்டா. கைதவறிப் பட்டுடுத்து" என்றார் கிருஷ்ணஸ்வாமி.

விசாலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேசட்டைக் கையில் எடுத்தாள். பல் உடைத்த கேசட்டில் கைதவறி எதுவும் பதியாதே என்று அப்போதுதான் தோன்றியது. அந்தப் பள்ளத்தை எதையாவது வைத்து அடைத்தால்தான் பதியும்.

திருப்பிப் பார்த்தாள். பள்ளத்தின் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி, கத்தரிக்கோலால் அளவாக வெட்டி ஒட்டியது, பழுப்பேறியிருந்தது.

சம்பந்தியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது நேரிலேயே ஒரு பாட்டு பாடித்தான் ஆக வேண்டும் என்றார்.

விசாலம் வழக்கம்போலத் தொண்டையைத் தொட்டாள். அவள் வாய் திறப்பதற்குள், புனே குளிர் இவள் தொண்டைக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை என்று கிருஷ்ணஸ்வாமி முந்திக்கொண்டு மராத்தியில் சொன்னார்.

ஒவ்வொரு கணபதி உற்சவத்திலும், யார் பாடச் சொன்னாலும், அவர்தான் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.