கடைசி வரிசைக்கும் எட்டவேணும்

"இதுதான் என்ர முதல் துவக்கு" என்றார் பெரியவர், மப்ளரைக் கழுத்தோடு இறுக்கிக்கொண்டு. "வாங்க முன்னம் சுட்டுப் பாக்க ஏலுமோ?"

லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடை வைத்திருக்கும் டொலறஸ் இப்படியொரு ஆளைக் கண்டதில்லை. மூன்று கைத்துவக்குகளோடு அவரைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனாள்.

முதலாவதின் விசை மிகவும் இறுக்கம்.

"தோள்மூட்டு பிடிச்சுப்போச்சுது, பிள்ளை. கையை வீச ஏலாது. விரல்தான் வேலை செய்யுது."

இரண்டாவது குப்பைத்தொட்டி வரைக்கும்கூட எட்டவில்லை.

"தூரம் காணாது. முன்னுக்கு நிக்கிறவை எப்பிடியும் மாட்டுவினம். பின்னுக்கு ஒளிக்கிறவைதான் போன முறை தப்பீட்டினம்."

"எத்தினை பேர் ஐயா?"

"நானூறு பேர் வருவினம். ஒருத்தரையும் விடக்கூடாது."

டொலறஸ் பச்சைத் துவக்கை நீட்டினாள். "இதைப் பிடியுங்கோ. கடைசி வரிசைக்கும் போகும். நான் பொறுப்பு."

அவர் ஒற்றைக் கண்ணை மூடிச் சுட்டார். மதிலில் இருந்த பிளாஸ்டிக் கோப்பை பறந்தது. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

"மன்னாரில எல்லாரும் என்னை நோக்கித்தான் துவக்குப் பிடிச்சவை. இப்பதான் என்ர முறை."

உயிர்த்த ஞாயிறு வந்தது. பூசை முடிய முன்னமே நழுவிவிடலாம் என்று டொலறஸ் வழமைபோலத் தேவாலயத்தின் கடைசி வரிசையில், தூணோரம் ஒதுங்கி நின்றாள்.

புதிதாக வந்திருந்த பாதர் தீர்த்தம் தெளிக்க எழுந்தார். இன்றைக்கு மப்ளர் இல்லை. அங்கிக்குள் இருந்து பச்சைத் துவக்கு வெளியே வந்தது.

டொலறஸ் குனிவதற்குள் நெற்றி நனைந்துவிட்டது.