ரோல் முடியும்வரை

சிகிச்சையில் தன் தலைமுடி மொத்தமும் கொட்டிய பிறகு, கணவன் அமலதாஸ் செல்போனில் தன்னை எடுக்கும் படங்களையெல்லாம் ஜெசிந்தா உடனே போனைப் பிடுங்கி அழித்துவிடுவாள். மனிதன் சளைத்தால்தானே! இன்று பரணிலிருந்த பழைய பிலிம் கேமராவைத் தூசி தட்டி, புது ரோல் மாட்டி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவியைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

அவள் கையை நீட்டினாள். "குடுங்க, அழிக்கணும்."

அவன் கேமராவைத் திருப்பிக் காட்டினான். பின்னால் வெறும் கறுப்பு மூடி.

"இப்பத்தான் மொதப் படம். ரோல் முழுசா முடிஞ்சாத்தான் கழுவ முடியும்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கை தானாகத் தலைக்குப் போனது. உள்ளங்கையில் புதிதாக எதுவோ குறுகுறுத்தது. மறுபடியும் தடவிப் பார்த்தாள்.

"அவசரப்படாம எடுங்க," என்றாள். "கடைசிப் படத்துக்குச் சடை போட்டுட்டு வந்து நிக்கிறேன்."