இப்போதிருக்கும் நிலை

சொத்துப் பாகத் தகராறில் என் வீட்டை இடிக்கப்போவதாகக் கொழுந்தன் தணிகை சொன்ன மறுநாள் காலை, நீதிமன்றத்தில் நின்றேன். நீதிபதி இரண்டு நிமிடம் என் மனுவைக் கேட்டார். அடுத்த விசாரணைவரை இப்போதிருக்கும் நிலையே தொடர வேண்டும் என்று இடைக்கால உத்தரவிட்டார். வீடு தப்பியது என்று நீதிமன்ற வராந்தாவில் நின்று அழுதேன்.

திரும்பி வந்தபோது குளியலறையின் தெருப்பக்கச் சுவர் இல்லை. வாளியும் சோப்பும் என் உள்பாவாடையும் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு செங்கல்லைக் கையில் எடுத்தபடியே வக்கீலுக்குப் போன் செய்தேன்.

“எத்தன மணிக்கு இடிச்சாங்க?”

“பதினொன்னுக்காம்.”

“உத்தரவு பன்னண்டுக்கு. அப்ப, இடிஞ்சு கெடக்குறதுதான்க்கா இருக்கிற நிலை. ஒரு கல்லு வச்சாலும் தப்பு. சுவர் கட்டணும்னா தனியா மனு போடணும்.”

“நாளைக்கே போடுங்க.”

“நாளையிலேர்ந்து கோடை லீவுக்கா. ஜூன்ல பார்ப்போம்.”

எதிரே தணிகை செல்போனில் என்னைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “உத்தரவு நீங்க வாங்குனதுதான் அண்ணி. கல்ல எடுத்த எடத்துலயே வைங்க.”

அவனைத் திட்ட வாய் திறந்தேன். ஆனால் என் கண்கள், கையிலிருந்த கல் எங்கே கிடந்தது என்று தரையில் தேடிக்கொண்டிருந்தன.