புதுசு செய்த நாலு தப்பு

“வந்து முழுசா ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள நாலு தப்பு. இன்னும் எதுக்கு சார் அவளை வச்சிருக்கீங்க?”

சலவைக்கடை முதலாளியிடம் இப்படிக் கேட்டவள் நம்பர் அக்கா. வருகிற ஒவ்வொரு துணியிலும் எண் எழுதிய சின்னத் துண்டைக் குத்தி அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. அதனால் அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது.

அவள் சொன்ன ஆள், துவைத்து வந்த துணியை மடித்துக் கட்டுகிற புதுசு. ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு ஹோட்டல் சமையல்காரருக்குப் போனது. ஒல்லியான வாத்தியாருக்கு யாரோ ஒரு குண்டு மனிதரின் கால்சட்டை போய்ச் சேர்ந்தது. இப்படி நாலு. ஒவ்வொரு முறையும் முதலாளி வாயைத் திறப்பதற்குள், நான்தான் மாற்றிக் கட்டிவிட்டேன் என்று புதுசு தலையைக் குனிந்துகொள்வாள். புது ஆள்தானே, பழகட்டும் என்று அவரும் விட்டுவிடுவார்.

உண்மையைச் சொன்னால், அக்காவுக்குத் தப்பெல்லாம் பெரிய விஷயமே இல்லை. இஸ்திரி போடும் அவளுடைய உயிர்த்தோழி போன வருடம் ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கினாள். பாவம், வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று முதலாளியிடம் மல்லுக்கு நின்றவள் அக்காதான். தோழி மறுபடி ஒன்றைக் கருக்கியபோதும் அக்காதான் பழியை இஸ்திரிப் பெட்டியின் மேல் போட்டாள். ஆனால் புதுசு ஒரு பொத்தானைப் போட மறந்தால்கூட அது திமிராகத் தெரிந்தது.

காரணம் வேறு. இத்தனை வருடம் சாப்பாட்டு நேரம் முழுக்க அக்காவோடு கதை பேசிய தோழி, இப்போது கை கழுவின ஈரம் காய்வதற்குள் புதுசிடம் ஓடிவிடுகிறாள். துணி மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் குசுகுசு என்று பேசுகிறார்கள். அக்கா பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்ன ரகசியம் என்று கேட்டால், சும்மாதான் என்று தோழி சிரித்து மழுப்புகிறாள். அக்காவுக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்தவள் எனக்கு மேலா என்று மனதுக்குள் பொருமிப் பொருமி, கடைசியில் முதலாளி முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

பழைய ஆள் சொல்லைத் தட்ட முடியாது என்றார் முதலாளி. சாயங்காலமே புதுசை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவள் தோழியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அக்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. நேராக இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

“வாடி, சேர்ந்தே கிளம்பலாம். இனிமே பழையபடி நாம ரெண்டு பேர்தான்.”

தோழி இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள்.

“முதலாளிகிட்ட சொன்னது நீயா?”

“ஆமா. நாலு தப்பு பண்ணவளை வேற என்ன செய்யச் சொல்ற?”

“அவ ஒண்ணுகூட பண்ணலடி. உனக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல, ஆறுக்கு எட்டு எழுதிடற. சொன்னா நீ உடைஞ்சு போயிடுவியேன்னு தினமும் மத்தியானம் நானும் அவளும்தான் நீ குத்தின நம்பரையெல்லாம் சரிபார்த்து மாத்திக்கிட்டு இருந்தோம். அதையும் மீறி நழுவினதுதான் அந்த நாலு.”

அக்கா மேஜையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து, தான் குத்திய துண்டைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“பழைய ஆளுன்னா மூணாவது தப்புக்கு வேலை போயிடும்னு எனக்கே முதலாளி சொல்லியிருக்காரு. புது ஆளை எப்படியும் மன்னிச்சிடுவாங்க, அக்கா பேர் கெட வேண்டாம்னு அவளே வந்து அத்தனையையும் தன் தலையில போட்டுக்கிட்டா,” என்றாள் தோழி. “அடுத்த தப்புக்கு இனிமே யாருடி தலையைக் குனிவா?”