வாய் மூடாத சிமியோன்

உந்த மனிசனுக்கு வாயை மூடத் தெரியாதோ என்று சிவகௌரி மனதுக்குள் பொரிந்து தள்ளினாள்.

சலரோகக் கிளினிக்கில் நீரிழிவுக்கான புதுக் குளிசை ஒன்றைச் சோதிக்க ஆள் சேர்த்தார்கள். கூப்பிட்டு இருத்திய எல்லாருக்கும் டொக்டர் தனுசியா விளக்கம் சொல்லி முடித்திருந்தார். "ஓம் டொக்டர், ஓம் டொக்டர்" என்று எல்லாத் தலையும் ஆடியது.

சிவகௌரியின் தலையும்தான். அவளுக்கு விளங்கியது ஒன்றே ஒன்று. மாட்டேன் என்றால் இனிக் கிளினிக்கில் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்கள். குளிசை வயிற்றைப் புரட்டுமோ ஆளையே புரட்டுமோ என்று உள்ளுக்குள் உதறல் வேறு. அதற்காக டொக்டரிடம் போய்க் கேள்வி கேட்பதா? மரியாதைக் கேடு! ஒப்பம் வைக்கப் பேனையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் பின்வரிசை வாங்கிலிருந்து ஓட்டோக்காரச் சிமியோன் எழும்பினான்.

"டொக்டர், உது நல்ல குளிசையோ?"

"அதை அறியத்தான் அண்ணை இந்த ஆய்வு."

"அப்ப, தெரியாததை எங்கடை வயித்துக்கை போட்டுப் பாக்கப் போறியளோ?"

"முதல் கொஞ்சப் பேருக்குக் குடுத்துப் பாத்தாச்சு. ஏதும் கரைச்சல் வந்தால் உடனை கவனிப்பம். பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறுங்குளிசைதான்."

"எனக்கு எது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"எனக்கும் தெரியாது. தெரிஞ்சால் மனம் ஒரு பக்கம் சாயும்."

"பிறகென்ன டொக்டர் நீங்கள்?"

சிவகௌரிக்குக் காது கூசியது. பாவம் அந்த டொக்டர் பிள்ளை, கண்ட கண்டவனிட்டையெல்லாம் பேச்சு வாங்குது.

அவன் விடுவதாயில்லை. "இடையிலை எனக்கு ஏலாமல் போனால்?"

"அண்டைக்கே விலகலாம்."

"சரி, நான் சேரேல்லை. கிளினிக்கிலை என்னைப் பாக்காமல் விட்டிடுவியளோ?"

"ஐயோ, இல்லை! வழக்கமான குளிசை, வழக்கமான கவனிப்பு. ஒண்டும் மாறாது."

அப்பாடா! சிவகௌரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனையைக் கீழே வைத்தாள்.

"டொக்டர், நான் வீட்டை போய் யோசிச்சுச் சொல்லட்டோ?"

"வடிவா யோசிச்சு வாங்கோ அம்மா" என்றார் டொக்டர். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆனாலும் சிமியோனைச் சும்மா விட சிவகௌரிக்கு மனம் வரவில்லை. கன்டீனில் சீனியில்லாத தேத்தண்ணியோடு ஆள் அகப்பட்டான்.

"தம்பி, பயமெண்டால் வராமல் இருந்திருக்கலாமே. அந்தப் பிள்ளையை ஏன் அப்பிடி வதைச்சனீர்?"

"என்ன பயம் அக்கா? நான் உந்த ஆய்விலை சேந்து ரண்டு மாசமாகுது."

"அப்ப இண்டைக்கு என்னத்துக்கு வந்தனீர்?"

சிமியோன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"டொக்டர்தான் வந்து கேள்வி கேக்கச் சொன்னவ. சும்மா தலையாட்டுற ஆக்களுக்கு மருந்து குடுக்கத் தனக்குப் பயமாக் கிடக்காம்."