ரேடியத்துக்கு இடமில்லை

"அந்தப் பெட்டி ஊருக்குள்ள வரட்டும், கொண்டு வர்றவன் காலை ஒடிச்சு அடுப்புல வெச்சுடறேன்!"

பிச்சமுத்து கம்பை ஓங்கினார். ஓவர்சியர் மருதை ஓரடி பின்வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிச்சமுத்து வீட்டு வாசலில் பூங்கரைப்பட்டியே திரண்டிருந்தது.

விஷயம் இதுதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்றுநோய்க்கு வைக்கும் ரேடியம் ஊசிகள் பழுதானால், ஈயப் பெட்டியில் அடைத்து எங்காவது ஆழப் புதைக்க வேண்டும். லால்குடிக்கு வடக்கே இந்த ஊர்தான் தோது என்று எழுதியனுப்பியவர் மருதை. ஜனங்களைக் கேட்காமல் புதைக்கக் கூடாது என்று மதராஸ் உத்தரவு. அதனால் மேலதிகாரி சகாயநாதன் திருச்சியிலிருந்து காரில் வந்து மாட்டிக்கொண்டார், பாவம்.

அவரையே நேருக்கு நேர் முறைத்த பிச்சமுத்துவின் மனைவி வீரம்மாள், பின்னால் வந்த ஜீப்பிலிருந்து மருதை இறங்கியதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை.

"போன மழைக்கு எம்பொண்ணு பிரசவ வலியோட சேத்துல மாட்டி, மாட்டு வண்டியிலயே பெத்தா. அப்ப எட்டிப் பாக்காத சர்க்கார், இப்ப விஷப் பெட்டியத் தூக்கிட்டு வருதாக்கும்!"

மருதை தலையைக் குனிந்துகொண்டார்.

"எருமையெல்லாம் ராத்திரியில மினுங்குமாமே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ஆபத்தே இல்லம்மா," என்றார் சகாயநாதன்.

"அப்ப உங்க வீட்டுக் கொல்லையில புதைங்களேன்!" என்றது கதவு. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சகாயநாதனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "ஸ்ரீரங்கத்துல கேட்டேன், பெருமாளுக்கே ஆகாதுன்னுட்டாங்க. நீங்களுமா? லாரி வரணுமேன்னு போன மாசம் தார் ரோடே போட்டுக் குடுத்தோமே! அப்பவே வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அப்ப எங்க எங்களைக் கேட்டீங்க? இன்னிக்குத்தானே கேக்கறீங்க!" என்றார் பிச்சமுத்து.

சகாயநாதன் கார்க் கதவைத் திறந்தார். "ஊருக்குச் சம்மதமில்லைன்னு எழுதி, எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிட்டு வந்து சேருங்க, மருதை," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். புதுத் தார் ரோட்டில் துளிப் புழுதி கிளம்பாமல் கார் போய் மறைந்தது.

பிச்சமுத்து கம்பைச் சுவரில் சாய்த்தார். தோள் துண்டை உதறி, கயிற்றுக் கட்டிலைத் தட்டிவிட்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. அடுத்து கரண்டுக்கு என்னத்தப் புதைக்கலாம்?"